வராந்தாவில் வைக்காதீர்கள்

லாரிசா தன் கைபேசியில் என் இணையத் தளத்தைத் திறந்து கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு இன்னொரு தள்ளு. அப்புறம் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் கொண்டுவந்த காரக் கேரட் டப்பாவைத் திறந்து தானே தின்ன ஆரம்பித்தாள். கொரியக்காரி, எங்கே போனாலும் அந்த டப்பா இல்லாமல் போகமாட்டாள். நான் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டே அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, அவ்வளவுதானா? பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். போயிட்டேன்."

"எங்க போயிட்ட? இங்கதானே உக்காந்திருக்க?"

"உன் கடையை விட்டுப் போயிட்டேன். வந்தேன், என்ன விக்கிறன்னு புரியலை, போயிட்டேன். உன் வாசலுக்கு வர்ற எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. நீ என்னமோ வேற ஏதோ காரணம்னு நெனச்சுட்டிருக்க."

எனக்கு வந்த கோபத்துக்குப் பால் தளும்பி மேசையில் சிந்திவிட்டது. எங்கள் நகரம் கராகண்டியில் பெரிய கடை ஒன்றில் பத்து வருஷத்துக்கு மேல் வீட்டுச் சாமான் விற்றவள் நான். கொதிகெண்டி வாங்க வந்தவளைத் துணி துவைக்கும் எந்திரத்தோடு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வந்து ஒருத்தி, என்ன விற்கிறாய் என்று புரியவில்லை என்கிறாள். ஆனால் லாரிசா பள்ளிக்கூடத் தோழி. பக்கம் வடிவமைப்பதுதான் அவள் தொழில். அவள் பொய் சொல்லித் தேற்றுகிற ரகமில்லை, அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தேன்.

போன வருஷம் கடையை விட்டுவிட்டு 'எது நல்லது' என்று இந்தத் தளத்தைத் தொடங்கினேன். இறைச்சி அரைக்கும் எந்திரம், கணப்பு, கொப்பரை, ஃப்ரீசர் என்று நம் ஊர் வீடுகளுக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் வாங்கியோ இரவல் கேட்டோ பயன்படுத்திப் பார்த்து எழுதுவேன். படிப்பவர் பிடித்திருந்தால் அங்கேயே அழுத்தி இணையக் கடைக்குப் போய் வாங்குவார். கடை எனக்குக் கமிஷன் தரும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. குளிர்காலக் கறிக்குக் குதிரை அறுக்கும் பருவம் வந்துகொண்டிருந்தது. நவம்பர் முடிந்தால் வீட்டுக்கு வீடு குதிரை அறுப்பார்கள், அதற்கு முன்னால் ஊரே ஃப்ரீசர் வாங்கும். வருஷத்தில் எனக்கு இருப்பது அந்த ஒரு பருவம். அதையும் கோட்டைவிட்டால் பழைய கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். மேலாளர் என் பெயர் எழுதிய மேலங்கியை இன்னும் கொக்கியிலிருந்து எடுக்கவில்லையாம். போவோர் வருவோரிடமெல்லாம் அதைக் காட்டுகிறாராம்.

"சரி, சொல்லு. என்ன குறை?"

"எங்கேர்ந்து ஆரம்பிக்க? மேல அஞ்சு படம் தானா ஓடுது. ஒண்ணைப் படிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து முட்டுது. 'வருக, வருக'ன்னு ஒரு வரி. யாரு எழுதுறா, எதுக்கு எழுதுறான்னு ஒரு எழவும் இல்லை. அப்புறம் இந்தப் பனி எதுக்குடி கொட்டுது?"

"அழகா இருக்கட்டும்னு…"

"சன்னலைத் திற. அங்க கொட்டுறது போதாதா?"

என் புருஷன் சாபித் அடுத்த அறையிலிருந்து சிரித்தான். பனி போடச்சொன்னதே அவன்தான். அவனுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

லாரிசா ஒரு காகிதத்தை எடுத்து, கைபேசி அளவுக்கு ஒரு கட்டம் போட்டாள். இதுதான் உன் முதல் திரை, வருகிறவன் இதைத் தாண்டிக் கீழே போகவே மாட்டான் என்று வைத்துக்கொள், என்றாள். இங்கே என்ன கிடைக்கும், யாருக்காக, ஏன் நம்ப வேண்டும், இந்த மூன்றும் விரல் அசைக்காமல் தெரிய வேண்டும். கடைக்காரன் தருகிற பளபளப்புப் படம் வேண்டாம், உன் சமையலறையில் நீ எடுத்த படம் வேண்டும். முப்பது பெட்டியைப் பரப்பிவைத்தால் சந்தை. மூன்றைச் சொல், மிச்சத்தை உள்ளே வை. கமிஷன் வாங்குவதை அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காதே, நல்ல பெரிய எழுத்தில் மேலேயே சொல். கிராமத்தில் சமிக்ஞை கிடைக்காமல் கூரைமேல் ஏறி நின்று பார்க்கிறவனுக்கும் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் போய் உற்சாகம் வந்துவிட்டது. கடையில் நான் செய்ததும் இதுதானே. ஆள் வாசலில் கால் வைக்கும்போதே அவர் பார்வை எங்கே விழவேண்டும் என்று தீர்மானித்து வைத்திருப்பேன். சொந்தக் கடை என்றதும் புத்தி எங்கே மேயப் போயிற்றோ.

"எல்லாம் சரி, இதெல்லாம் நான் ரெண்டு நாள்ல பண்ணிடுவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் என்னால பண்ண முடியாது" என்றாள் லாரிசா. "உன் தளத்துல எல்லாத்துக்கும் அஞ்சு நட்சத்திரம். வாங்கினவங்க எழுதினதைப் படிச்சேன். ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லலை. யாருடி நம்புவா?"

"யாரும் குறை சொல்லலைன்னா நான் என்ன பண்றது? நானே உண்டாக்கி எழுதவா?"

"என்ன எழுதியிருக்காங்க பாரு. 'நலமா வெச்சு ஆளுங்க. பொருள் நிலைக்கட்டும். வீடு நிறையட்டும்.' இதெல்லாம் ரிவ்யூவா? கல்யாண வீட்டு வாழ்த்துடி இது."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒருவர் வீட்டில் புதுப்பொருளைக் கண்டால் முதலில் வாழ்த்துவோம், பிறகு கையில் ஏதாவது வைப்போம். துணியோ காசோ மிட்டாயோ, அதற்குப் பைகஸி என்று பெயர். அதற்கப்புறம் அந்தப் பொருளைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசக்கூடாது. பேசினால் அவர் கண் பட்டது என்பார்கள். எந்திரம் தீய்ந்து புகை வந்தாலும் வாங்கினவரும் சொல்லமாட்டார், பார்த்தவரும் சொல்லமாட்டார். நான் வேறு உறவுக்காரர்கள், பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாரையும் விரட்டி விரட்டிக் கருத்து எழுத வைத்திருந்தேன். அவர்கள் பாவம், என் தளத்தையே புதுப்பொருள் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு நிஜமான சங்கதி கொண்டா" என்றாள் லாரிசா. "வாங்கினேன், இப்படி ஆச்சுன்னு, பேரோட, மூஞ்சியோட. அதை முதல் திரையில போடறேன். அப்புறம் நீ நல்லதுன்னு சொல்றதையும் நம்புவாங்க."

"ஞாயித்துக்கிழமை கொண்டுவர்றேன்."

"எங்கேர்ந்து?"

"எங்கேர்ந்தோ கொண்டுவர்றேன். நீ பனியை நிறுத்து."

ஞாயிறன்று பெரிய வீட்டில் குதிரை அறுப்பு. பெரிய வீடு என்றால் சாபித்தின் அண்ணன் வீடு. நகரத்தின் ஓரத்தில் தனிவீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில் இருந்தது. வீட்டு மூத்தவர் பேரை நான் சொல்லும் வழக்கமில்லை, மூத்தவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி ரபிகா என் ஓரகத்தி. நான் மருமகளாக வந்த புதிதில் என்னை அடுப்படியில் நிற்க வைத்து மாவு பிசையச் சொல்லி, பிசைந்ததை மறுபடி பிசையச் சொன்னவள். எங்கள் இரண்டு பேருக்கும் நாள் தவறாமல் வாய்ச்சண்டை உண்டு. ஆனால் வேறு யாராவது என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்கள் கதி அதோகதிதான்.

முற்றத்தில் ஆண்கள் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைபேசியோடு நேரே வராந்தாவுக்குப் போனேன், கண்ணாடி அடைத்த, கணப்பில்லாத வராந்தா. என் தளத்தில் முதலிடம் கொடுத்து எழுதிய ஃப்ரீசர், போன வருஷம் நான் சொல்லி ரபிகா வாங்கியது, அங்கேதான் இருந்தது. முகப்புக்கு நானே எடுத்த படம் வேண்டுமே. அதன்மேல் பூப்போட்ட எண்ணெய்த்துணி விரித்து, மாவு மூட்டையும் தாம்பாளங்களும் அடுக்கியிருந்தன. நான் மூட்டையைத் தூக்குவதற்குள் ரபிகா ஓடிவந்துவிட்டாள்.

"ஏய், அதைத் திறக்காதே. உள்ள மீன் இருக்கு. நாத்தம் வரும்."

"நாறினா நாறட்டும் அக்கா. வெளியில ஒண்ணு எடுத்துக்கறேன், உள்ள ஒண்ணு எடுத்துக்கறேன். ரெண்டே போட்டோ."

"அப்புறம் எடுத்துக்கலாம். கை வேலையைப் பாரு. குடலைக் கழுவணும்."

ரபிகா வேலையைப் பார் என்று சொல்வது புதிதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது புதிது. நான் குனிந்து பார்த்தேன். மின்கம்பி சுற்றிக் கட்டப்பட்டுச் சுவரோரம் தொங்கியது. மூடியைத் தூக்கினேன். உள்ளே குளிர்காலச் செருப்புகள், பழைய போர்வை, ஒரு மூலையில் வெங்காயம்.

"மீன் நல்லா வளந்திருக்கே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு வந்து அந்த மூடிமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மார்ச்சுல பனி உருகிச்சு பாரு, அப்போ. காலையில வந்து பாக்கறேன், அடியில தண்ணி. அதுக்கு முந்தி எப்போ நின்னுச்சோ, யாருக்குத் தெரியும்? பனிக்காலம் முழுக்க வெளியில இருக்கிற குளிர்லயே கறி இறுகிக் கெடந்திருக்கு. எங்க பங்குக் குதிரை பூராவும் போச்சுடி. அவரு வண்டியில ஏத்தி ஊருக்கு வெளியில கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்தாரு."

"நௌரிஸ் பண்டிகைக்கு இங்கதானே சாப்பிட்டோம்?"

"சந்தைக் கறி. நீ மூணு துண்டு கஸித் தொத்திறைச்சி தின்னுட்டு, என்ன இருந்தாலும் வீட்டுக் குதிரை மாதிரி வராதுன்னு சொன்ன. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? வாங்கின அன்னிக்குத் தெருவே வந்து வாழ்த்திட்டுப் போச்சு. அப்புறம் கெட்டுப்போச்சுன்னா, யாரோட கண்ணுன்னு தேட ஆரம்பிப்பாங்க. முதல்ல உன்னைத்தான் சொல்வாங்க. சின்ன மருமக வாங்கச் சொன்னா, அவளுக்கு அதுல கமிஷன் வேறம்பாங்க. நான் அந்தப் பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருக்கவா?"

உண்மையைச் சொல்கிறேன், நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அதைக் கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதோ, முதல் திரை கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது. அதற்குப் பிறகுதான் அவள் அடுப்படியில் நின்று அழுதது நினைவுக்கு வந்தது.

காரணம் எனக்கு அங்கே நின்ற நிலையிலேயே புரிந்துவிட்டது. வராந்தாக் கண்ணாடியில் உள்பக்கம் விரல் கனத்துக்கு உறைபனி பிடித்திருந்தது. இந்தப் பெட்டிகளை வீட்டுக்குள் வைப்பதற்கென்றுதான் தயாரிக்கிறார்கள். இந்தக் குளிரில் எந்திரத்துக்குள் இருக்கிற எண்ணெய் கூழாகிவிடும். அந்த நிலையில் ஓட முயன்று முயன்று மோட்டார் தீய்ந்துபோகும். பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளிலேயே எத்தனை குளிர் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். கடையில் எத்தனையோ முறை அந்தத் தாளைத் துடைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் எங்கே வைக்கப்போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. தனிவீட்டுக்காரர்கள் ஃப்ரீசரை வராந்தாவில் வைப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் அதைப் பேசுவதில்லை. நான் அடுக்குமாடியில் சமையலறையில் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை லிட்டர், எவ்வளவு சத்தம், மின்சாரம் எவ்வளவு குடிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

விளக்கிச் சொன்னேன். ரபிகா தான் உட்கார்ந்திருந்த பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"அப்போ கண்ணு இல்லையா?"

"கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. குளிரு. அக்கா, இதை நான் என் முகப்புல போடணும். உங்க பேரு, உங்க போட்டோ, நடந்தது அப்படியே. இந்த வருஷம் எத்தனை பேரு இதே மாதிரி வராந்தாவுல வெக்கப்போறாங்களோ."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? நௌரிஸுக்கு இருபது பேருக்குச் சந்தைக் கறி போட்டு வீட்டுக் கறின்னு சொன்னேன். அது ஊருக்குத் தெரியணுமா? போடி, போய்க் குடலைக் கழுவு."

கழுவினேன். பனிக்கட்டித் தண்ணீரில் கை மரத்துப்போகும்வரை கழுவினேன். நடுவில் நாலுமுறை கேட்டேன், நாலுமுறையும் திட்டினாள்.

மத்தியானம் எதிர்வீட்டு பிபிகுல் வாசலில் வந்து நின்றாள். ரபிகாவும் அவளும் இந்தத் தெருவுக்கு ஒரே வருஷம் மருமகளாக வந்தவர்கள். ஒருத்தி வீட்டில் பலகாரம் சுட்டால் இன்னொருத்தி வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் தின்னும். புது ஃப்ரீசர் வந்திறங்கியிருக்கிறது, எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் என்றாள். என் பக்கம் திரும்பி, "உன் தளத்தைப் பாத்துத்தான்டி வாங்கினேன். நம்ம வீட்டுப் பொண்ணு சொல்லிட்டா அப்புறம் வேற யாரைக் கேக்கணும்?" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

போனோம். அதே பெட்டி. வராந்தாவில், சன்னலுக்கு அடியில், சரிகை விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்று வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மூடிமேல் மிட்டாய் இறைத்தாள். ரபிகாவும் வாழ்த்தினாள், வழக்கமான வார்த்தைகள், வழக்கமான குரல். அலமாரியிலிருந்து எடுத்துவந்த புதுத் தலைத்துணியைப் பிபிகுல் கையில் வைத்தாள். நான் வாயைத் திறக்கப்போனபோது என் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். பெரியவர்கள் வாழ்த்திக்கொண்டிருக்கும்போது சின்ன மருமகள் பேசுவதா? பேசினால் யார் கேட்பார்கள்? தேநீர் குடித்தோம், எண்ணெயில் பொரித்த பௌர்சாக் ரொட்டி தின்றோம், விடைபெற்றுக் கிளம்பினோம்.

தெருவில் பாதி தூரம் வந்ததும் ரபிகா நின்றுவிட்டாள்.

"அவங்க வீட்டுல இந்த வருஷம் தனிக்குதிரை" என்றாள். "பங்கு இல்லை. முழுக்குதிரை."

"ஆமா."

"சீ" என்றாள். அது என்னைப் பார்த்தா, தன்னையா, தெருவையா என்று தெரியவில்லை. திரும்பி விறுவிறுவென்று போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பெண்கள் இன்னும் வராந்தாவில்தான் நின்றிருந்தார்கள்.

"பிபிகுல், இதை உள்ள தூக்கி வை. இங்க வெக்காதே. வெச்சா கெட்டுப்போயிரும்."

மிட்டாய் இறைத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிபிகுல் முகம் சிவந்து வெளுத்ததை நான் பார்த்தேன்.

"என்ன சொன்ன?"

"எனக்குக் கெட்டுப்போச்சு. அதான் சொல்றேன். குளிர்ல மோட்டார் தீஞ்சு போயிரும். உள்ள வை."

"உள்ள எங்க வெக்கிறது, என் தலைமேலயா? உனக்குக் கெட்டுப்போச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ண? நௌரிஸ் அன்னிக்கு உன் வீட்டுல அவ்வளவு கறி போட்டியே, கெட்டுப்போன பெட்டியிலேர்ந்தா எடுத்துப் போட்ட?"

ரபிகா மூடிமேல் கிடந்த மிட்டாயைப் பார்த்தாள்.

"வயித்தெரிச்சல்னா வெளிப்படையா சொல்லிடு ரபிகா. வாழ்த்திட்டுப் போயிட்டுத் திரும்பிவந்து சாபம் விடுறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நாங்கள் வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, பிபிகுலின் மருமகன் வந்து அந்தத் தலைத்துணியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து போனான். வைத்த பரிசைத் திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கம் உறவு முறிந்தது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் ரபிகாவின் கண்தான் தெருவிலேயே பொல்லாத கண் என்று முழுத்தெருவும் பேசிவிட்டது. மூத்தவர் கறிக்கூறுகளுக்கு நடுவில் நின்று, உனக்கு ஏன் இந்த வேலை என்று அவளைப் பார்த்துக் கத்தினார். ரபிகா மடித்த தலைத்துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எழுது" என்றாள் திடீரென்று.

"என்னக்கா?"

"உன் முகப்புல எழுது. என் பேரு போட்டு எழுது. சந்தைக் கறியையும் எழுது, விடாதே. அதை மறைச்சா எவளும் நம்பமாட்டா. பொல்லாத கண்ணுக்காரின்னு பேர் வாங்கறதுக்குப் பதிலா கறியைக் கெடவிட்டவள்னு பேர் வாங்கிட்டுப் போறேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இரு, இந்தக் கோலத்துல என்னை போட்டோ எடுக்காதே. வெல்வெட் மேல்சட்டையைப் போட்டுட்டு வர்றேன்."

அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். வெல்வெட் மேல்சட்டை, வெள்ளிக் காதணி, நிமிர்ந்த கழுத்து. ஒரு கையால் ஃப்ரீசர் மூடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், உள்ளே செருப்பும் வெங்காயமும். பின்னால் உறைபனி பிடித்த கண்ணாடி. லாரிசா அதைப் பார்த்துவிட்டுக் கேரட் டப்பாவை மூடி வைத்தாள்.

"ஓடுற படம், பேனர், எல்லாத்தையும் தூக்குறேன்" என்றாள். "இது ஒண்ணு போதும்."

இரண்டு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்தோம். வார்த்தைகள் என்னுடையவை, அதில் நான் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: 'வராந்தாவில் வைக்காதீர்கள்.' அதற்கும் கீழே நாலு வரி: 'இது எங்கள் ரபிகா அக்கா. நாங்கள் முதலிடம் கொடுத்த ஃப்ரீசரை வாங்கினார், வராந்தாவில் வைத்தார், ஒரு குளிர்காலக் கறி முழுவதும் போயிற்று, நௌரிஸுக்குச் சந்தைக் கறி சமைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை. இப்போது எழுதியிருக்கிறோம்.' அடுத்து ஒரு கேள்வி: 'உங்கள் வீட்டில் எங்கே வைக்கப்போகிறீர்கள்?' அதற்கு மூன்று பொத்தான்கள், சமையலறை, வராந்தா, கொட்டகை. அழுத்தினால் அந்தந்த இடத்துக்குத் தோதான பெட்டி எது, எது கூடாது என்று வரும். கொட்டகையை அழுத்தினால், பனி இருக்கும்வரை எதுவும் வாங்காதீர்கள், தகரப்பெட்டி போதும் என்று வரும். கமிஷன் வாங்குகிறோம் என்பதும் அதே திரையில், அதே எழுத்தளவில்.

சாபித் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "வாங்காதீங்கன்னு எழுதியிருக்கியே. நம்ம வியாபாரம் என்னாகும்?" என்றான்.

"வாங்காதீங்கன்னு சொல்ற கடைக்காரியைத் தேடித்தான் ஜனம் வரும். நீ பனியைப் பத்தி மட்டும் யோசனை சொல்லு, போதும்."

பக்கம் வெளியான முதல் நாள் உறவுக்காரர்களின் தொலைபேசிதான். சாபித்தின் மாமா கூப்பிட்டு, குடும்ப மானத்தைச் சந்தையில் வைத்து விற்றுவிட்டாய் என்று கத்தினார். அவர் கத்தி முடித்ததும், "உங்க வீட்டு ஃப்ரீசர் எங்க மாமா இருக்கு?" என்று கேட்டேன். வராந்தாவில் என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து பக்கத்தின் அடியில் எழுத ஆரம்பித்தார்கள். 'எங்களுக்கும் இப்படித்தான், ரெண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.' 'என் மாமியார் கண் என்று நினைத்து அவரோடு பேசாமல் இருக்கிறேன்.' 'கணப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், சொல்லலாமா?' பாவ்லதாரிலிருந்து, தெமிர்த்தாவிலிருந்து, எனக்குப் பெயரே தெரியாத கிராமங்களிலிருந்து. வாழ்த்துகிற ஆட்கள்தான், வாயைத் திறந்தால் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்! வந்தவர்கள் போகவில்லை, பொத்தானை அழுத்தினார்கள், உள்ளே போய்ப் படித்தார்கள், வாங்கவும் வாங்கினார்கள். நான் மேலாளரைக் கூப்பிட்டு அந்த மேலங்கியைத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லும்போது குரலில் திமிர் இருந்தது, இருக்கட்டும்.

ரபிகாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தினமும் கூப்பிடுவாள், நான் சொல்வதையெல்லாம் உம் கொட்டிக் கேட்பாள், கடைசியில் ஒரே வார்த்தை சொல்வாள்.

"எதிர்வீட்டுல இன்னும் வராந்தாவுலதான் இருக்கு."

பிபிகுல் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழாயடியில் ரபிகா நின்றால் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் பக்கத்தைப் படித்தாளா, யாராவது படித்துக் காட்டினார்களா, ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் குதிரை அறுத்தாகிவிட்டது. ஊர் முழுக்க நம்பினாலும் இந்த ஒருத்தி நம்பாவிட்டால் நான் ஜெயித்தேன் என்று ரபிகா முகத்துக்கு நேரே சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பெருங்குளிர் வருகிறது, பள்ளிகளுக்கு விடுமுறை என்று வானொலியில் சொன்ன அன்று மத்தியானம் ரபிகா கூப்பிட்டாள். "வா" என்று மட்டும் சொன்னாள். என்னவோ ஏதோ என்று வாடகைக் கார் பிடித்துப் போனேன். அவள் முன்னறைச் சன்னலில் நின்றிருந்தாள், கையில் மாவு காயாமல் அப்படியே இருந்தது. நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

எதிர்வீட்டில் முன்னறைச் சன்னலைச் சட்டத்தோடு கழற்றிப் பனிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். வராந்தாவிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு அந்தப் பெட்டிக்குக் குறுகல்போல. இரண்டு ஆண்கள் வெளியிலிருந்து தள்ள, உள்ளிருந்து யாரோ இழுக்க, ஃப்ரீசர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சன்னலில் சிக்கிக்கொண்டிருந்தது. திறந்த சன்னலிலிருந்து வீட்டின் சூடெல்லாம் வெள்ளை ஆவியாகப் புரண்டு வந்து கூரைவரை ஏறியது. பிபிகுல் ஒரு பஞ்சுமெத்தையை இரண்டு கையாலும் தூக்கி, மிச்சமிருந்த இடைவெளியை அடைத்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா, மெதுவா, சுவரு பேந்துரும்" என்று கத்திக்கொண்டிருந்தாள். கை தளர்ந்து மெத்தை ஒரு பக்கம் சரிந்தது. அதைத் திரும்ப ஏற்ற நிமிர்ந்தபோது எங்கள் சன்னலைப் பார்த்துவிட்டாள்.

ரபிகா திரையை இழுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எனக்குப் பக்கத்தில் தோள் இல்லை. கதவு திறந்த சத்தம் கேட்டது, குளிர் என் காலில் வந்து மோதியது. அவள் மேலங்கி கொக்கியிலேயே தொங்கியது. ரபிகா மாவுக் கையோடு தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். அங்கே பிபிகுல் மெத்தையின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ரபிகா வரும் பக்கமாக விட்டுவிட்டு நின்றாள்.